கடுகு வாங்கிய டயர்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் கடுகு. ஆள் குட்டை, கோபமோ ஆளைவிட ஒரு முழம் உயரம். ‘சிறுத்தாலும் காரம் குறையலையே’ என்று எவளோ ஒருத்தி வாயைவிட, அதுவே நிலைத்துவிட்டது. பெரிய டாக்டர்கூட மாடிப்படியில் பார்த்தால், “என்ன கடுகு, இன்னைக்கு யாருக்கு அர்ச்சனை?” என்றுதான் கேட்பார்.

அர்ச்சனைக்கு ஆள் பஞ்சமே கிடையாது. அறுவை அறைத் துணி மூட்டைக்குள் யாராவது கத்தரிக்கோலை மறந்துவிட்டிருப்பார்கள். ரத்தக்கறைப் போர்வையும் குழந்தைப் போர்வையும் ஒரே பையில் வந்து சேரும். கடுகு அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே அந்த வார்டுக்கே போய்விடுவாள். நோயாளிகள்கூட எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். சலவைக்கூடத்துக்கு அவள்தான் மேற்பார்வை. பெரிய பெரிய உருளை இயந்திரங்கள், எந்நேரமும் ஆவி, காது அடைக்கும் இரைச்சல். அங்கே மெதுவாகப் பேசிப் பழகியவர் யாருமில்லை.

ஆஸ்பத்திரி ஒரு மேட்டின் மேல் இருந்தது. குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டபோது பஸ் நின்றுபோனது. கொழுந்தன் வைத்திருந்த சைக்கிள் கடையில் ஒரு பழைய மலை சைக்கிள் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு தோண்டிய மண்ணிலும் ஜல்லியிலும் ஏறி இறங்கி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சாலை போட்டு முடித்த பிறகும் அவள் சைக்கிளை விடவில்லை. கல்லிலும் குழியிலும் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு போகிறபோது வேறு எதன் மேலும் கோபப்பட நேரம் இருக்காது. நாற்பது வயதுக்கு மேல் அவளுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான்.

கொழுந்தன், அதாவது கணவரின் தம்பி, விடுமுறை நாட்களில் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பாதைகளில் ஓட்டப் போவான். குழுவில் எல்லோருக்கும் அவன் ‘கேப்டன்’. பேச்சில் தேன் ஒழுகும். கடுகும் அந்தக் குழுவில் சேர்ந்தாள். மற்றவர்களை விட மெதுவாகத்தான் ஓட்டுவாள். ஆனால் பாதியில் நின்றதே கிடையாது.

ஆண்டுக்கு ஒருமுறை குழு ஒரு நெடும்பயணம் போகும். முதலில் காட்டு வழி, பிறகு கல்குன்று, கடைசியில் கல்குவாரித் தடம் என்று நாள்கணக்கில் தார் சாலையே கண்ணில் படாது. நடுவில் வரும் குன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘முதுகெலும்பு’. தட்டைத் தட்டையான கற்கள் அங்கே படுத்திருக்காது, விளிம்பு மேலே தெரிய நட்டுக்கொண்டு நிற்கும். காலில் செருப்பில்லாமல் ஒருத்தரும் அங்கே நிற்க முடியாது.

அந்த ஆண்டு கிளம்புவதற்கு முன்னால் கடுகு சைக்கிளைக் கொழுந்தன் கடையில் விட்டாள்.

“ரெண்டு டயரும் தேஞ்சு போச்சு. மாத்திடு. பக்கச்சுவர் தடியா இருக்கிறதாப் பார்த்துப் போடு. கனமா இருந்தாப் பரவாயில்ல.”

“சரி அண்ணி. நீங்க சொன்ன பிறகு அப்பீல் ஏது?” என்றான்.

முதுகெலும்பின் மேல் பாதி தூரம் போயிருப்பார்கள். பின்சக்கரத்தில் சர்ரென்று ஒரு சத்தம். டயருக்குள் ஊற்றியிருந்த வெள்ளைத் திரவம் அவள் காலெல்லாம் பீச்சியடித்தது. சின்ன ஓட்டையாக இருந்தால் அந்தத் திரவமே அடைத்துக்கொள்ளும். இதுவோ பக்கச்சுவரில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல். உள்ளே ட்யூப் போட்டுப் பார்த்தார்கள். காற்றடித்ததும் ட்யூப் கிழிசல் வழியே தவளைத் தொண்டை மாதிரிப் புடைத்து வெடித்தது.

கேப்டன் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினான். “தடி டயரே கிழிஞ்சிருக்குன்னா நீங்க எப்படி ஓட்டியிருக்கணும், பாருங்க அண்ணி! நடுவுல போங்கன்னு சொன்னேனே, ஓரத்துல போய் உரசியிருக்கீங்க.”

குழுவில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

“நீங்க இங்கயே இருங்க. கீழ போனதும் ஜீப் அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டு அவன் குழுவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஒரு கல்லின் நிழலில் ஒண்டிக்கொண்டு கடுகு உட்கார்ந்திருந்தாள். நிழல் நகர நகர அவளும் நகர்ந்தாள். கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தாள், முடியவில்லை. வெயில் சாய்ந்த பிறகுதான் ஜீப் வந்தது.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். அடுத்த வாரம் நாத்தனார் புது வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கொழுந்தன் இந்தக் கதையை எடுத்துவிட்டான். “அண்ணி சைக்கிள்ல போகல. சைக்கிளுக்குத் துணையாப் போனாங்க!” நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கடுகின் கணவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரி பண்ணுகிற மனிதர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி முகத்தைப் பார்க்கவில்லை.

கடுகு எழுந்து சமையலறைக்குப் போனாள். கழுவி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடி தேய்த்தாள். சத்தம் போடவில்லை. தப்பு தன்மேல்தானே என்று நினைத்ததால் சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு பல வாரங்கள் சைக்கிளைத் தொடவேயில்லை. வேலைக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். சலவைக்கூடத்தில் அவள் குரல் கேட்காததால், “உடம்பு சரியில்லையா?” என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் மனசு கேட்கவில்லை. ஆனால் கொழுந்தன் கடை வாசலை மிதிக்கவும் பிடிக்கவில்லை. கிழிந்த டயரைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் டெப்போவுக்கு எதிரே இருந்த வேறொரு கடைக்குப் போனாள். அந்த டயர்க்காரர் ஒரு காலத்தில் லாரி டயர் பார்த்தவர், பிறகு சைக்கிளுக்கு இறங்கியவர்.

“இதே அளவுல வேணும்” என்று டயரை நீட்டினாள்.

அவர் அதை வாங்கிப் பக்கச்சுவரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். அது கடுதாசி மாதிரி மடங்கியது. “இதை எங்கம்மா ஓட்டுனீங்க?”

“முதுகெலும்புல.”

“இதையா!” என்று அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இது பந்தய டயர். கொஞ்ச நேரம் வெறி பிடிச்ச மாதிரி ஓட்டிட்டு வீட்டுக்குப் போறவங்க போடறது. கனம் குறையணும்னு பக்கத்துல எல்லாத்தையும் சுரண்டி எடுத்திருப்பாங்க. அந்தக் கல்லுல இது கிழியாம இருந்தாத்தான் அதிசயம்.”

“இல்லையே. இது தடி டயர்னு...”

“யாரு சொன்னது?”

அவர் பரணிலிருந்து வேறொரு டயரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கடுகு கிள்ளிப் பார்த்தாள். தோல் செருப்பின் அடியைக் கிள்ளுவது போல இருந்தது. பழையதை மறுபடி கிள்ளினாள். புதியதைக் கிள்ளினாள். உள்ளங்காலிலிருந்து ஒரு சூடு ஏறி உச்சந்தலைக்கு வந்தது. சலவைக்கூடத்து ஆவி எல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை.

கிழிந்த டயரைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். கடைத்தெருவில் எதிரே வந்தவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள்.

கொழுந்தன் கடையில் கூட்டம். “வாங்க அண்ணி, உள்ள வாங்க. டீ சொல்றேன்” என்றான்.

“டீ வேண்டாம். இது என்ன டயர்?”

அவன் டயரைப் பார்த்தான். பிறகு வாடிக்கையாளர்களைப் பார்த்தான். “அது வந்து... உங்க நல்லதுக்குத்தான் அண்ணி. தடி டயர் போட்டா நீங்க பின்தங்கிடுவீங்க. அப்புறம் குரூப்பே உங்களுக்காக நிக்கணும்.”

“அதைச் சொல்லிட்டுப் போட்டிருக்கலாமே?”

“சொன்னா நீங்க ஒத்துக்கவா போறீங்க?”

“சரி, கிழிஞ்சப்பவாவது சொன்னியா? நான் ஓட்டத் தெரியாம ஓட்டி, தடி டயரையே கிழிச்சுட்டேன்னு சொன்ன.”

“அத்தனை பேர் முன்னாடி எப்படிண்ணி சொல்றது...”

“அத்தனை பேர் முன்னாடி என்னைச் சிரிப்பாச் சிரிக்க வச்சியே, அது மட்டும் எப்படி முடிஞ்சுது? இத்தனை வாரமா நான் சைக்கிளைத் தொடல. தெரியுமா உனக்கு? எனக்கு ஓட்ட வராதுன்னு நானே நம்பிட்டேன்!”

டயரை அவன் மேஜையில் வீசினாள். அது உருண்டு போய் அடுக்கியிருந்த சைக்கிள் மணிகளைத் தட்டிவிட, அத்தனை மணியும் கிணிங் கிணிங்கென்று தரையில் சிதறின. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வீட்டில் கணவர் வழக்கம்போல், “விடு, தெரியாமப் பண்ணிட்டான்” என்று ஆரம்பித்தார்.

“தெரிஞ்சுதான் பண்ணியிருக்கான். நீங்கதான் தெரியாமச் சிரிச்சீங்க. அது போதாதுன்னு இப்ப தெரிஞ்சும் பூசி மெழுகறீங்க.”

அன்றைக்கு வீட்டில் கரண்டி விழுந்தால்கூட இடி மாதிரி கேட்டது.

மறுநாளே அவள் டயர்க்காரரிடம் போய் நின்றாள். “உங்ககிட்ட இருக்கிறதுலயே தடியானது எது?”

அவர் தயங்கித் தயங்கி ஒன்றைக் காட்டினார். யானைத் தோல் மாதிரி இரட்டை மடிப்பு. “இது மலை உச்சிக்கு ஜீப்புல ஏத்திட்டுப் போய், கீழ இறங்க மட்டும் ஓட்டறவங்க போடறதும்மா.”

“கிழியுமா?”

“கிழியாது. ஆனா...”

“ஆனாவை நீங்களே வச்சுக்குங்க. மாட்டுங்க.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆணுக்கு மட்டும் சொன்னதில்லை. அந்த டயரோடு மேட்டில் ஏறினால், பின்னால் யாரோ உட்கார்ந்துகொண்டு தரையில் காலை ஊன்றுவது போல இருந்தது. கூட ஓட்ட வந்தவள் ஒரு தபால்காரி. அவளும் கேப்டன் குழுவில் இருந்து சலித்து விலகியவள்தான். அவள் சிரமமில்லாமல் மேலே போய்க் காத்திருப்பாள். கடுகு நாக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேருவாள். முழங்கால்கள் இரண்டும் வீங்கின. ஆஸ்பத்திரி மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினாள். ஆனாலும் டயரைக் கழற்றுவாளா? மாட்டாள்.

தபால்காரிதான் ஒருநாள் கேட்டுவிட்டாள். “அக்கா, கோபம் அவர் மேல. மிதிக்கிறது யாரு?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, வாயை மூடு!” என்று அவள்மேலும் பாய்ந்தாள். சில நாள் அவளோடும் பேச்சில்லை. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான், தபால்காரி சொன்னது உறைத்தது. கொழுந்தன் அவள் கால்களை நினைக்காமல் தன் அவசரத்துக்கு டயர் போட்டான். அவளும் தன் கால்களை நினைக்காமல் அவன் மேலுள்ள ஆத்திரத்துக்கு டயர் போட்டிருக்கிறாள். இது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது முறை கடைக்குப் போனபோது அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “இப்ப சொல்லுங்க உங்க ஆனாவை. எல்லாத்தையும் சொல்லுங்க.”

டயர்க்காரர் வேர்க்க வேர்க்கச் சொன்னார். அவளும் விடாமல் கேட்டாள். டயருக்குள்ளே ரப்பரைப் பிடித்து வைத்திருப்பது நெய்த துணிதான். மெல்லிய நூலால் நெருக்கமாக நெய்ததாக இருந்தால் டயர் லேசாக, வளைந்து கொடுத்து ஓடும். தடித்த நூலாக இருந்தால் கனம் கூடும், வெட்டு தாங்கும். இதைக் கேட்டதும் கடுகுக்குத் தன் இயந்திரங்களில் முதலில் நைந்து கிழிகிற வழவழப்பான தனியறைப் போர்வைகளும், வருஷக்கணக்கில் உழைக்கும் பொது வார்டு முரட்டுப் போர்வைகளும் நினைவுக்கு வந்தன. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் மறுகேள்வி கேட்கவில்லை. மற்றதிலெல்லாம் சண்டைதான்.

பின்சக்கரம்தான் ஆளின் பாரத்தைச் சுமக்கிறது, கல்லில் அதிகம் அடிபடுகிறது. அதனால் அங்கே தேயாத கெட்டி ரப்பர், நடுவில் நெருக்கமான குட்டைப் பற்கள், பக்கச்சுவரில் ஒரே ஒரு கூடுதல் மடிப்பு. முன்சக்கரம் வழியைப் பிடித்துக்கொடுக்க வேண்டும். அங்கே கொஞ்சம் மிருதுவான ரப்பர், உயரமான பற்கள், சற்று அகலம். பின்னாலும் அதே அகலம் போடலாம் என்றார் அவர். சைக்கிள் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே விரல்கூட நுழையாது, சேறு அடைத்துக்கொள்ளும் என்று அவள் குனிந்து காட்டினாள். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஒத்துக்கொண்டார்.

பிறகு காற்று. அதிகம் அடித்தால் கல்லில் வண்டி துள்ளியது, குறைத்தால் ரிம் கல்லில் இடித்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொட்டியிருந்த கட்டட இடிபாடுகள்மேல் ஏறி இறங்கி, கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் ஏற்றி, தனக்குச் சரியான அளவைக் கண்டுபிடித்தாள். முழங்கால் வீக்கமும் வடிந்தது. தபால்காரியோடு ராசியானாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “வர்றியா, முதுகெலும்புக்கு?” என்றாள், அவ்வளவுதான்.

அவர்கள் இருவரும் குன்றில் ஏறியபோது கேப்டன் குழு அன்று காலையில்தான் அதே வழியில் போயிருந்தது. தடம் புதிதாக இருந்தது. கடுகின் டயர் கல் விளிம்புகளில் உரசி முனகியது, முட்டியது, வழுக்கிப் பிடித்தது. சீறல் மட்டும் கேட்கவில்லை. அவள் முதல்முறையாகப் பல்லைக் கடிக்காமல் அந்தக் குன்றில் ஓட்டினாள்.

அப்போதுதான் பாறைக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். குழுவில் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர். முகம் வெளுத்திருந்தது.

“டயர் கிழிஞ்சிருச்சு. கேப்டன் இங்கயே இருக்கச் சொன்னாரு, ஜீப் வரும்னு. ரொம்ப நேரமாச்சு, வரல. தள்ளிக்கிட்டு இறங்கிடலாம்னு பார்த்தேன், சறுக்கி விழுந்துட்டேன்” என்றாள். கழுத்தடியில் காறை எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது.

கடுகு அவள் சைக்கிளருகே போனாள். பின்டயரைக் கிள்ளினாள். கடுதாசி.

“யாரு போட்டது இதை?”

“கேப்டன்தான். நான் கெட்டியானதுதான் கேட்டேன். இதுவே கெட்டிதான்னு சொன்னாரு.” டீச்சருக்கு அழுகை முட்டியது. “நான்தான் சரியா ஓட்டல போலிருக்கு. மன்னிச்சுக்குங்க, அழுதுட்டேன்...”

“அழறதுக்கு எதுக்கு மன்னிப்பு? நீ நல்லாத்தான் ஓட்டியிருக்க! வாயைத் திறந்து அந்த மாதிரி இன்னொரு தடவை சொல்லாதே!” என்று கடுகு போட்ட சத்தத்தில் டீச்சரின் அழுகையே நின்றுவிட்டது.

தபால்காரி கீழே குவாரிக்குப் பறந்தாள். கடுகு தன் கழுத்துத் துணியை அவிழ்த்து முக்கோணமாக மடித்து டீச்சரின் கையைக் கட்டினாள். ஆயிரக்கணக்கில் துணி துவைத்து மடித்த கை அது, கட்டத் தெரியாதா? தண்ணீர் கொடுத்தாள். கிளம்பி வந்த பயணம் இதோடு போயிற்று என்பது தெரிந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. குவாரி லாரி குன்றடிக்கு வந்ததும் டீச்சரை அடிமேல் அடிவைத்து இறக்கிக் கூட்டிப் போனாள்.

ஆஸ்பத்திரி நடைவழியில் கொழுந்தன் ஓடிவந்தபோது, செய்தி கேட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த கணவரும் அங்கே நின்றிருந்தார்.

“ஜீப் டிரைவர் தப்பான பக்கம் போயிட்டான். டீச்சரும் சொன்ன இடத்துல இருக்காம...” என்று கொழுந்தன் ஆரம்பித்தான்.

கடுகு வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். “நிறுத்துடா.”

அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதேயில்லை. “டிரைவர் தப்பு, டீச்சர் தப்பு, உன் அண்ணி தப்பு. நீ மட்டும் உத்தமன். என் பொண்டாட்டியைக் கல்லுல உட்கார வச்சுட்டுப் போனதை நீ கதையாச் சொன்னே, நான் வெட்கமில்லாமச் சிரிச்சேன். அன்னைக்கே உன் வாயை மூடியிருந்தா, இந்தப் பொண்ணு இன்னைக்கு எலும்பு ஒடிஞ்சு படுத்திருக்க மாட்டா. உள்ள போ. போட்டது என்ன டயர்னு அவகிட்ட உன் வாயால சொல்லு.”

கொழுந்தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனான். கணவர் கடுகின் பக்கம் திரும்பினார். “நான் சிரிச்சது தப்பு” என்றார்.

“ரொம்ப லேட்டு” என்றாள் அவள். ஆனால் அன்று அவர் வாங்கிக்கொண்டு வந்த டீயைக் குடித்தாள்.

டீச்சருக்கு எலும்பு கூடிவிட்டது. கொழுந்தன் பழக்கூடையோடு அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டானாம். கடுகிடம் இன்றுவரை கேட்கவில்லை. குழுவில் பாதிப்பேர் விலகிவிட்டார்கள். இப்போது கடையில் தடி டயரை முன்வரிசையில் தொங்கவிட்டு, “காட்டுப் பாதைக்குப் பக்கச்சுவர்தான் முக்கியம், நான் எப்பவும் சொல்றதுதான்” என்று வாடிக்கையாளர்களிடம் அளக்கிறான். தபால் கொடுக்கப்போன இடத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்து தபால்காரி சொன்னபோது, கடுகு போர்வை மூட்டையை உதைத்தாள். விசேஷ வீடுகளில் அவனுக்கு அவள் பரிமாறுவதில்லை. பார்த்தால் பேசுவதுமில்லை. நாத்தனார் சமாதானம் பேச வந்து, வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

விட்ட பயணத்தைக் கடுகும் தபால்காரியும் கோடை தொடங்கும் முன்னரே ஒருமுறை போய் முடித்தார்கள். காட்டு வழி, முதுகெலும்பு, குவாரித் தடம். கடைசியில் தார் சாலை வந்ததும் கடுகு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டயர்களைத் தடவிப் பார்த்தாள். பக்கச்சுவர் முழுக்கக் கீறல், பின்னால் இரண்டு பற்கள் பிய்ந்திருந்தன. காற்று அப்படியே இருந்தது. சாலையோரத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டே, அடுத்து எந்தக் குன்றுக்குப் போவது என்று பேச ஆரம்பித்தார்கள். ரொட்டி தீர்வதற்குள் அதிலும் இருவருக்கும் சண்டை வந்துவிட்டது.